யாரும் காத்திராத முப்பத்தொன்றாம் வேலை

மேலக்காவனூர், குடவாசல் வட்டம்
22.5.2025

மாதங்கி அவர்களுக்கு,

ரெத்தினம் எழுதுவது. என் பெயரைக் கூட்டுறவுச் சங்கச் சுவரில் ஒட்டி, ஊரில் ஒன்பது வேலை என்னால் நிற்கிறது என்று சொல்லியிருக்கிறீர்கள். அது தவறு. எல்லார் கண்ணிலும் படும்படி செய்த தவறு என்பதால் எழுத்திலேயே கேட்கிறேன்.

ஒட்டியவர் உங்கள் பெரியப்பா மகன் ரகுராமன். நீர்ப்பாசனச் சங்கத் தலைவர் என்கிற முறையில் ஒட்டினார். ஆனால் தாள் சென்னையிலிருந்து நீங்கள் அனுப்பியது. பிடாரி வாய்க்காலில் இந்த வருடம் நடக்கும் வேலை முழுவதையும் கம்ப்யூட்டரில் போட்டு, எந்த வேலை எந்த வேலைக்குக் காத்திருக்கிறது என்று ஒரு ஏஜெண்டைக் கேட்டீர்களாம். அந்த ஏஜெண்ட் ஆள் இல்லை, ஏஐ என்றார் ரகுராமன். பத்தொன்பதாம் வரியை அப்படியே எழுதுகிறேன். ‘கொரம்பு வெட்டுதல். பொறுப்பு: ரெத்தினம். இதற்காகக் காத்திருப்பவை: 9 வேலைகள்.’

நீங்கள் பட்டணத்தில் வளர்ந்தவர், கொரம்பைப் பார்த்திருக்க மாட்டீர்கள். வாய்க்காலுக்குக் குறுக்கே மூங்கில் குத்தி, வைக்கோலும் களிமண்ணும் அடைத்துத் தண்ணீரை மறிப்பதுதான் கொரம்பு. புது மதகு கட்டுகிற இடம் காய்ந்து கிடக்க வேண்டும் என்று ரகுராமன் கேட்டார். ஏப்ரல் கடைசியில் நானும் செவ்வந்தியும் இன்னும் நாலு பேரும் போட்டுக்கொடுத்தோம். போட்டதை எந்த வரியிலும் காணோம். அதை உடைத்துத் தண்ணீரை விடுகிற வெட்டு மட்டும் வந்திருக்கிறது, என் பெயரோடு.

டீக்கடையில் மதகு மேஸ்திரி செந்தில்குமார், “என்ன பெரியவரே, ஊரையே க்யூவுல நிக்க வச்சிருக்கீங்களாமே, எங்களுக்கும் ஒரு டோக்கன் குடுங்க” என்றார். சிரித்தார்கள். நான் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

இன்னொன்று. புது மதகின் சுவர் எழும்பியதில் கீழ வயலுக்குப் போகும் மடை அடைபட்டுவிட்டது. பதினொரு ஏக்கர், பதினான்கு குடும்பம். என்னுடையது அதில் முக்கால் ஏக்கர். மடைக்குப் பதிலாகக் கிழக்குக் கரைக்கு அடியில் சிமெண்டுக் குழாய் போட்டுத் தருவதாக மார்ச் மாதம் நீங்கள்தான் போனில் சொன்னீர்கள். பட்டியலை மூன்று தடவை படித்தேன். குழாய் அதில் இல்லை.

போனில் பதில் வேண்டாம். போனில் சொன்னதுதான் இந்த லட்சணத்தில் இருக்கிறது. கடிதமாக எழுதுங்கள்.

ரெத்தினம்


சென்னை
26.5.2025

மதிப்பிற்குரிய ரெத்தினம் ஐயாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கையால் கடிதம் எழுதிப் பல வருடம் ஆகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பட்டியல் பற்றி. நான் வேலை பார்க்கும் கம்பெனியில் கட்டட வேலைகளைத் திட்டமிட ஒரு மென்பொருள் உண்டு. ஊருக்கு ஏதாவது செய்யலாம் என்று வாய்க்கால் வேலையையும் அதில் போட்டேன். மொத்தம் நாற்பத்து நான்கு வேலைகள். அவற்றில் எது எதற்குக் காத்திருக்கிறது என்று கையால் தேடினால் ஒரு நாள் போகும். ஏஜெண்டிடம் கேட்டால் அது திட்டத்தைத் திறந்து படித்து, அரை நிமிடத்தில் வரிசையாகச் சொல்லிவிடும். அதைத்தான் தமிழில் அடித்து அனுப்பினேன்.

‘காத்திருக்கிறது’ என்றால் குற்றம் என்று பொருள் இல்லை. மதகின் காங்கிரீட் காய்வதற்கும் ஐந்து வேலைகள் காத்திருக்கின்றன. காங்கிரீட்டை யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் காங்கிரீட்டுக்கு டீக்கடை இல்லை என்பது உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் தோன்றியது. சுவரில் ஒட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாது.

இரண்டாவது, குழாய். அது விடுபடவில்லை. திட்டத்தில் முப்பத்தொன்றாம் வேலையாக இருக்கிறது. நான் கேட்டது ஒரு வேலைக்கும் இன்னொரு வேலைக்கும் உள்ள தொடர்புகளை. முப்பத்தொன்று எந்த வேலைக்கும் காத்திருக்கவில்லை, எந்த வேலையும் அதற்குக் காத்திருக்கவில்லை. அதனால் பட்டியலில் வரவில்லை. ஏஜெண்ட் கேட்டதற்குச் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறது. குழாய் போட ஜூன் 30 என்று தேதி கொடுத்திருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து பத்து நாளில் நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிடும் என்கிறார் ரகு அண்ணா. அதனால் ஜூன் பத்தாம் தேதிக்குள் கொரம்பை வெட்டிவிட்டால் எல்லாருக்கும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மாதங்கி


மேலக்காவனூர்
30.5.2025

மாதங்கி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைச் செவ்வந்திக்குப் படித்துக் காட்டினேன். அவள் என் தம்பி மனைவி. நடவு ஆட்களுக்கு அவள்தான் தலைவி, கீழ வயலில் அவளுக்கும் ஒரு ஏக்கர் இருக்கிறது. கேட்டுவிட்டு, “யாருமே காத்திருக்கலன்னா நாம பதினாலு வீடும் என்ன மாமா, வேடிக்கையா பாத்துக்கிட்டு இருக்கோம்?” என்றாள்.

அதே கேள்விதான் எனக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிறகு படித்ததெல்லாம் உர மூட்டையிலும் நோட்டீசிலும் பத்திரத்திலும்தான். ஆனால் நீங்கள் எழுதியதை இரண்டு நாள் யோசித்து ஒன்று கண்டுபிடித்தேன். குழாய்க்குக் காத்திருப்பது எங்கள் நாற்றங்கால். நாற்றுக்குக் காத்திருப்பது நடவு. இந்த இரண்டும் உங்கள் திட்டத்தில் இருந்தால்தான் ‘காத்திருக்கிறது’ என்று அந்த ஏஜெண்ட் சொல்ல முடியும். மேல வயல்காரர்களின் நாற்றங்கால் சுவரில் இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன், ஆறு வரி. எங்களுடையது ஒன்றுகூட இல்லை.

ஏன் இல்லை என்று நானே சொல்கிறேன். நீங்கள் நீர்ப்பாசனச் சங்க உறுப்பினர் பதிவேட்டை வைத்துத் திட்டம் போட்டிருக்கிறீர்கள். உறுப்பினர் ஆக வேண்டுமானால் பட்டா வேண்டும். கீழ வயல் கோயில் நிலம். நாங்கள் குத்தகைக்காரர்கள். கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் பெயர் இருக்கிறது, பதிவேட்டில் இல்லை. உங்கள் ஏஜெண்டின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது கொடுத்ததைப் படித்தது. கொடுத்தவர்கள் நீங்கள்.

ஒரு வேலைக்கு யாரும் காத்திருக்கவில்லை என்றால் அது நடக்காது. தேதி போட்டாலும் நடக்காது. மூன்று வருடமாக எங்கள் பக்கத்து வேலைகளுக்கெல்லாம் தேதி இருந்தது.

ஆகையால் கொரம்பை வெட்ட மாட்டேன். போட்டவன் நான், வெட்டுகிறவனும் நான். இது வீம்பு மட்டும் இல்லை. கோடை மழைத் தண்ணீர் கொரம்புக்கு மேல் பக்கம் முழங்காலுக்கு நிற்கிறது. இப்போது வெட்டினால் குழாய் போட வேண்டிய இடம் சேறாகிவிடும். சேற்றில் குழாய் நிற்காது, உட்கார்ந்துவிடும். செந்தில்குமாரைக் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் திட்டத்தில் இப்படி எழுதுங்கள்: பத்தொன்பதாம் வேலை முப்பத்தொன்றாம் வேலைக்குக் காத்திருக்கிறது. அப்போது ஒன்பது வேலையும் குழாய்க்குக் காத்திருக்கும். அதைச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். என் பெயர் இருந்தாலும் பரவாயில்லை.

ரெத்தினம்


சென்னை
3.6.2025

ரெத்தினம் ஐயாவுக்கு,

பதிவேடு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. உறுப்பினர் பட்டியலை அப்படியே இறக்கிக்கொண்டேன். யார் அதில் இல்லை என்று பார்க்கவில்லை. பதினான்கு குடும்பத்தின் நாற்றங்காலையும் நடவையும் இப்போது சேர்த்துவிட்டேன். இரண்டும் குழாய்க்குக் காத்திருக்கின்றன.

செந்தில்குமாரிடமும் பேசினேன். “பெரியவர் சொன்னா சொன்னதுதாங்க மேடம். தண்ணிய உட்டுட்டுப் பைப்பு பதிக்கிறது பாயாசத்துல கரண்டிய நட்டு வைக்கிற மாதிரி” என்றார்.

ஆகவே நீங்கள் சொன்னபடியே ஏஜெண்டிடம் சொன்னேன்: பத்தொன்பதை முப்பத்தொன்றுக்குக் காத்திருக்க வை, பிறகு மறுபடி பட்டியல் கொடு. பட்டியல் வரவில்லை. ஒரு எச்சரிக்கை வந்தது. மூன்று வேலைகள் ஒன்றையொன்று சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, எதுவும் தொடங்க முடியாது என்றது. இவைதான் அந்த மூன்று:

குழாய் போடுவது பொக்லைனுக்குக் காத்திருக்கிறது, ஏனென்றால் குழாய் ஒவ்வொன்றும் எட்டடி நீளம், கையால் இறக்க முடியாது. இதைச் செந்தில்குமார் சொன்ன பிறகு இப்போதுதான் சேர்த்தேன்.
பொக்லைன் வருவது கொரம்பு வெட்டுவதற்குக் காத்திருக்கிறது.
கொரம்பு வெட்டுவது குழாய்க்குக் காத்திருக்கிறது.

நடுவில் உள்ளதுதான் எனக்குப் புரியவில்லை. பொக்லைன் ஏன் கொரம்புக்குக் காத்திருக்க வேண்டும்? ரகு அண்ணா சேர்த்த குறிப்பில், ரோட்டுப் பாலத்துக்குப் பக்கத்தில் வாய்க்காலுக்குள் இறங்கி, படுகையோடே வந்தால்தான் வண்டி மதகை அடைய முடியும், கொரம்பு குறுக்கே நிற்கிறது, வேறு வழி இல்லை என்று இருக்கிறது.

சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிழக்குக் கரையை ஒட்டி எங்கள் தென்னந்தோப்பு இருக்கிறது. அதற்குள் ரோட்டிலிருந்து மதகு வரை நேராக ஒரு தடம் தெரிகிறது, வண்டி போகிற அகலத்துக்கு. ரகு அண்ணாவிடம் கேட்டேன். “அது வழியில்லைம்மா” என்றார். படத்தில் இருக்கிறதே அண்ணா என்றேன். “இருக்கு. ஆனா வழியில்லை” என்றார்.

அவர் மறைக்கிறார் என்று தோன்றவில்லை. உண்மையிலேயே அவருக்கு அது வழியாகத் தெரியவில்லை. நீங்களும் உங்கள் இரண்டு கடிதத்திலும் அதைச் சொல்லவில்லை. ஏன் என்று எழுதுவீர்களா?

மாதங்கி


மேலக்காவனூர்
6.6.2025

மாதங்கி அவர்களுக்கு,

அது வழிதான். என் சின்ன வயதில் மாட்டு வண்டி போகும். உங்கள் தாத்தா காலத்தில் தோப்புக்கு வேலி உண்டு, கேட் இல்லை.

1991 நவம்பரில் என் அப்பா இறந்தார். பத்து நாளாக மழை. எங்கள் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் போகிற சுற்றுவழியில் இடுப்பு மட்டும் தண்ணீர். பாடையைத் தூக்கிக்கொண்டு அதில் இறங்க முடியாது. தோப்பு வழியாகக் கொண்டுபோனோம். யாரையும் கேட்கவில்லை. கேட்கிற நேரமா அது. எட்டாம் நாள் தோப்புக்குக் கேட் போட்டார் உங்கள் அப்பா சந்தானகிருஷ்ணன். பூட்டும் போட்டார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. முப்பத்து மூன்று வருடம் தாண்டிவிட்டது.

பிறகு அவர் சென்னையில் உங்கள் வீட்டுக்குக் குடிபோனார், சாவியும் கூடவே போனது. தேங்காய் பறிக்க ரகுராமனின் ஆட்கள் வேலியில் ஒரு சந்து வழியாக நுழைகிறார்கள். கேட்டை யாரும் தொடுவதில்லை. இப்போதுள்ள பையன்களுக்கு அது சுவர் மாதிரி. வழி எது என்று கேட்டால் தோப்பைச் சொல்ல ஒருவனுக்கும் வாய் வராது. ரகுராமன் பொய் சொல்லவில்லை.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். சொன்னால் கேட்பதாக ஆகிவிடும். கேட்க எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் அந்த மூன்று வேலையும் சுற்றிக்கொண்டு நிற்கிறது என்றால், அதில் என் பங்கும் உண்டு. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கேட்க மாட்டேன்.

ரகுராமன் நேற்று வந்தார். “ரெத்தினம், உங்க தெருல பத்துப் பேர் சேந்தா குழியத் தோண்டிடலாமே, பைப்பை உருட்டியே எறக்கிடலாம், கொரம்பையும் வெட்டிடலாம்” என்றார். நான் முடியாது என்றேன். ஆளில்லாமல் இல்லை. எங்கள் கையால் போட்டால் நாளைக்கு உடைந்ததும் ‘உங்க பைப்பு, நீங்க பாத்துக்கங்க’ என்பார்கள். மதகு சங்கத்துடையது. குழாயும் சங்கத்துடையதாக இருக்க வேண்டும். சங்கத்தின் வண்டி வந்து சங்கத்தின் குழாயைப் போட வேண்டும். செவ்வந்தி அவரிடம், “நாங்க தோண்டுறோம் சார், உங்க மதகையும் நாங்களே கட்டிடவா, மேஸ்திரி பாவம் டீ குடிச்சே இளைச்சுப்போறாரு” என்றாள். அவர் அதற்கு மேல் நிற்கவில்லை.

விதை ஊற வைக்க இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. அதற்குள் தண்ணீர் வருமா என்று தெரியாவிட்டால் பதினான்கு வீட்டிலும் குறுவை இல்லை. சம்பா வரை சும்மா கிடக்க வேண்டும், அல்லது திருப்பூருக்கு வண்டி ஏற வேண்டும். போன வருடம் நாலு வீடு பூட்டிக் கிடந்தது.

ரெத்தினம்


சென்னை
10.6.2025

ரெத்தினம் ஐயாவுக்கு,

கடிதத்தை அப்பாவிடம் கொடுக்கவில்லை. கேட் எதற்காகப் போட்டது என்று மட்டும் கேட்டேன். “தேங்கா திருட்டு ஜாஸ்தியாயிடுத்து, அதான்” என்றார். எந்த வருஷம் என்றேன். டிவி சத்தத்தைக் கூட்டினார்.

மறுநாள் காலையில் திட்டத்தைத் திரையில் காட்டினேன். வண்டிக்கு வழி கிடைத்தால் மூன்று வேலையும் எப்படி அவிழ்கிறது என்று சொன்னேன். வண்டி போனால் தென்னை வேர் அறுந்துவிடும் என்றார். தடத்தில் மரமே இல்லை என்று படத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “யார் கேக்கறா?” என்றார். யாரும் கேட்கவில்லை, நான்தான் சொல்கிறேன் என்றேன். “ரெத்தினம் கேக்கலையா?” என்றார். இல்லை, கேட்கவும் மாட்டார் என்றேன். “மாட்டான்” என்றார்.

இந்த இடத்தில் ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். அடித்தது உங்களுக்குத் தெரியும். அவருக்காக நான் எழுதுவது முறையில்லை என்று பட்டது.

சாயங்காலம் அவரே அறைக்கு வந்தார். “சாவியைக் கூரியர்ல அனுப்ப மாட்டேன். நானே போறேன். பொக்லைன் போகட்டும், வேலை ஆகட்டும். முடிஞ்ச அன்னிக்கே பூட்டிண்டு வந்துடுவேன்” என்றார். பதினேழாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் வந்து இறங்குவார். எழுபத்து நான்கு வயது, ரகு அண்ணா ஸ்டேஷனுக்கு வருவார்.

இதற்கு மேல் என்னால் அவரை நகர்த்த முடியவில்லை. பூட்டுவேன் என்பதை உங்களிடம் மறைப்பது சரியில்லை என்று எழுதிவிட்டேன். இதனால் நீங்கள் கொரம்பை வெட்ட மறுத்தால் அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீர் வரும்போது கொரம்பு இருந்தால் மேல வயல் முழுவதும் மூழ்கும். அங்கே இருப்பவர்கள் எல்லாரும் எங்கள் உறவினர் இல்லை.

இந்த வேலைகளை எந்த வரிசையில் வைப்பது, யார் பெயரைப் போடுவது என்று நீங்கள் எழுதுங்கள். அப்படியே திட்டத்தில் ஏற்றுகிறேன்.

மாதங்கி


மேலக்காவனூர்
13.6.2025

மாதங்கி அவர்களுக்கு,

மேட்டூர் நேற்றுத் திறந்தாயிற்று.

கேட்டுக்காகக் கொரம்பை நிறுத்தி வைக்க மாட்டேன். கொரம்பு குழாய்க்கு மட்டும்தான் காத்திருக்கிறது. கேட் எனக்கும் உங்கள் அப்பாவுக்கும் உள்ளது. அதற்காக மேல வயல்காரன் பயிரை நான் தண்ணீரில் விட்டால், அவர் 91-ல் செய்ததற்கும் நான் இப்போது செய்வதற்கும் வித்தியாசம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் உங்கள் திட்டத்தில் தொடர்பு எதையும் போடாதீர்கள்.

அவரை வரவேற்க நான் போக மாட்டேன். மதகடியில் இருப்பேன். வேலை இருக்கிறது.

செவ்வந்தி ஒன்று சொல்லச் சொன்னாள். குழாயின் வாயில் செத்தை அடைக்கும். ஆகாயத்தாமரை, தென்னமட்டை எல்லாம் வந்து சேரும். மாதம் ஒருமுறையாவது எடுக்க வேண்டும். வாய் இருப்பது கிழக்குக் கரையில், உங்கள் தோப்பின் ஓரத்தில். வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது மேற்கிலிருந்து யாரும் தாண்டிப் போக முடியாது. இதுவும் உங்கள் நாற்பத்து நான்கில் இல்லை. சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ட வரிசை கீழே இருக்கிறது. நான் தண்ணீரிலிருந்து பின்னோக்கி யோசித்தேன். உங்களுக்கு வசதியாக முன்னோக்கி எழுதுகிறேன்.

தோப்புக் கேட்டைத் திறப்பது: சந்தானகிருஷ்ணன், 17-ம் தேதி, அவர் கையால். எதற்கும் காத்திருக்கவில்லை.

பொக்லைனைத் தோப்பு வழியாக மதகுக்குக் கொண்டுவருவது: ரகுராமன், அன்றைக்கே. கேட்டுக்குக் காத்திருக்கிறது.

குழி வெட்டி ஆறு குழாயையும் இறக்கி மூட்டுப் பூசுவது: செந்தில்குமார், 18, 19. பொக்லைனுக்குக் காத்திருக்கிறது.

குழாயைச் சங்கச் சொத்துப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது: ரகுராமன், 20. பூச்சு காய்வதற்குள் எழுதி முடிக்கலாம்.

மேல்வாயில் தண்ணீர் ஊற்றி, கீழ வயலில் வந்து விழுகிறதா என்று பார்ப்பது: செவ்வந்தி, 21 காலை. அவள் சரி என்றால்தான் சரி.

கொரம்பு வெட்டுவது: ரெத்தினம், அதே 21, செவ்வந்தி சொன்ன அரை மணியில்.

பதினான்கு வீட்டிலும் விதை ஊற வைப்பது: அவரவர். கொரம்புக்குக் காத்திருக்கிறது.

குத்தகைக்காரர்களையும் சங்கத்தில் சேர்க்கத் தீர்மானம் கொண்டுவருவது: ரகுராமன், ஜூலைக் கூட்டத்தில். எழுதிக் கொடுப்பது நீங்கள்.

குழாய் வாயில் செத்தை எடுப்பது: செவ்வந்தியும் அவள் ஆட்களும், மாதம் ஒருமுறை, தோப்பு வழியாக.

கேட்டை மறுபடி பூட்டுவது: இதற்கு யார் பெயரும் போடாதீர்கள். இது வேலை இல்லை.

ரெத்தினம்